அரை ஆள், முழு ஆள்

1

போன மாதம் என் மகள் நிர்மலாவுக்குப் பத்து வயது நிறைந்தது. கேக் வெட்டினாள். அவளுடைய பள்ளித் தோழிகள் ஆறு பேர் வந்து எங்கள் முன்னறையை முழுசாகப் பிடித்துக்கொண்டதில் எனக்கும் என் மனைவி எஸ்தருக்கும் நிற்கக்கூட இடமில்லை. கூட்டம் கலைந்த பிறகு நான் நிர்மலாவைக் கூப்பிட்டு, "நேத்து வரைக்கும் நீ அரை ஆளு. இன்னிலேர்ந்து முழு ஆளு" என்றேன்.

"வாட் டு யூ மீன், அப்பா?" என்றாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வதுதான் இப்போது எங்கள் வீட்டு வழக்கம். 'அப்பா' என்ற சொல் ஒன்று மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது. அதற்கும் எத்தனை வருஷம் ஆயுசோ தெரியவில்லை.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லண்டனில் சட்டமே அப்படித்தான். ஒரு வீட்டில் அளவுக்கு மீறி ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்கும்போது, பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை அரை ஆள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை ஆளே இல்லை. அறைக்கும் அப்படியே ஒரு கணக்கு. நூற்றுப் பத்துச் சதுர அடி இருந்தால் அந்த அறையில் இரண்டு பேர் படுக்கலாம். கொஞ்சம் குறைந்தால் ஒன்றரைப் பேர். ஐம்பது அடிக்குக் கீழே போனால் அது அறையே அல்ல. ஊரில் நீங்கள் குடியிருக்கும் வீட்டை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பாதி வீடு காணாமல் போயிருக்கும்.

டேப்பைப் பிடித்து இந்தக் கணக்கைப் போடுவதுதான் என் வேலை. ஏழு வருஷமாக இந்த நகரத்தின் கிழக்குப் பகுதியில் மாடி மாடியாக ஏறி இறங்குகிறேன். இதைப் பற்றி ஊருக்கு எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. இப்போது எழுதுவதற்கு இன்னொரு பத்து வயதுப் பெண் காரணம். அவள் எங்கள் ஊர் ரஷீதா பாபியின், அதாவது ரஷீதா அண்ணியின், மகள். அந்தக் குடும்பத்துக்கு நான் செய்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. எஸ்தரிடம் கேட்டேன், அவளும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

2

இந்த வேலை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ்தர் வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்தவள். அவளுக்குத்தான் இங்கே முதலில் வேலை கிடைத்தது. நானும் இரண்டு வயது நிர்மலாவும் பின்னால் வந்து சேர்ந்தோம். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். பிறகு, எங்கள் பக்கத்து ஆட்கள் குடியிருக்கும் வீடுகளை அளக்க உருது தெரிந்த ஒருவர் தேவை என்று உள்ளாட்சி அலுவலகத்தில் விளம்பரம் செய்திருந்தார்கள். ஆம்பூர்க்காரனுக்கு உருது தனியாகப் படிக்க வேண்டியதில்லை, தெருவில் நின்றாலே ஒட்டிக்கொள்ளும்.

நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அளவெடுக்கும் வேலையில் முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். ஒன்பது வருஷம் 'ஸ்கின்' அளந்திருக்கிறேன் என்றேன். நடுவில் இருந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகுதான் ஆட்டுத்தோல் என்று விளக்கினேன். வேலை கிடைத்தது. என் ஆங்கிலத்துக்காக அல்ல, அறைக்குள் நுழைந்ததும் அது எத்தனை அடி என்று டேப் இல்லாமலே சொன்னதற்காக. நூற்று அறுபத்தெட்டு என்றேன். அளந்து பார்த்தார்கள், இரண்டு அடிதான் வித்தியாசம்.

இது பெருமைக்காகச் சொல்வதல்ல. சரி, கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆம்பூரில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தோலைப் பலகையில் விரித்து, சதுர அடி பார்த்து, முதுகுப் பக்கத்தில் நீலப் பென்சிலால் எழுதியவன் நான். கால் அடி கூடினாலும் குறைந்தாலும் கண் சொல்லிவிடும். அந்தக் கண்ணை நம்பித்தான் இங்கே பிழைக்கிறேன்.

3

நான் வேலை பார்த்தது ரயில் பாதையை ஒட்டிய, தோல் பதனிடும் ஒரு சின்ன ஷாப்பில். பெயர் வேண்டாம், இன்று அது இல்லை. ஷாப்புக்குப் பின்னால் வெளியூர்த் தொழிலாளர்கள் தங்க ஒரு லைன் வீடு இருந்தது. வரிசையாக எட்டு அறை. மண் சுவர். மேலே மூங்கில் கட்டித் தோல் காயப்போடும் மாடி. பேரணாம்பட்டு, குடியாத்தம், ஜோலார்பேட்டைப் பக்கத்துக் கிராமங்கள் என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் அங்கே தங்கினார்கள். எழுபதுகளின் நடுவில் ஏற்றுமதி ஜாஸ்தியாகி, ஷாப் பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று இரண்டாக ஓடியது.

ஆட்கள் இரட்டிப்பானார்களே தவிர அறை இரட்டிப்பாகவில்லை. ஒரே பாயை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நம்பர் அறையில் என் தோஸ்த் சலீமும், குடியாத்தத்திலிருந்து தறி வேலையை விட்டு வந்த பெருமாளும் ஒரு பாய். பெருமாள் பகலில் வேலை, சலீம் இரவில். பெருமாள் எழுந்துபோன சூடு ஆறுவதற்குள் சலீம் வந்து படுத்துவிடுவான். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பாயில் படுத்த நாளே கிடையாது.

லைன் வீட்டில் ஆள் நெருக்கம் என்று யாரோ மனுப் போட்டு, ஒரு நாள் சுகாதார ஆய்வாளர் வருவதாகச் செய்தி வந்தது. ராஜமாணிக்கம் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். ஷாப்பில் முதலாளிக்கு அடுத்தபடி அவர்தான்.

"தேவராஜூ, நீதான் அளவு தெரிஞ்சவன். ரூமுக்கு இத்தினி அடி, இத்தினி ஆளுன்னு நீயே ஒரு லிஸ்ட்டு போட்டுக் குடுத்துடு."

"ஆளை எப்ப எண்றது மேஸ்திரி? பாதிப் பேரு ஷாப்புல இருப்பாங்க, பாதிப் பேரு ரூம்ல இருப்பாங்க."

"ஆளை இன்னாத்துக்கு எண்றே? ஆளு வருவான், போவான். பாயை எண்ணு. பாயி எங்க போவப்போவுது?"

நான் பாயை எண்ணினேன். மூன்றாம் நம்பரில் ஆறு பாய். ஆறு பேர் என்று எழுதினேன். ஆய்வாளர் வந்து பார்த்தபோது பகல் ஷிப்ட் ஷாப்பில் இருந்தது. ஒவ்வொரு அறையிலும் என் பட்டியலில் இருந்த அளவுக்கே ஆட்கள் படுத்திருந்தார்கள். அவர் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார். அந்தப் பட்டியல் ஒரு நோட்டாகி மேஸ்திரியின் மேஜைக்குப் போனது. அன்று சாயங்காலம் சலீம் என்னிடம், "இன்னா தேவு, லிஸ்ட்டுல நான் இருக்கேனா, பெருமாள் இருக்கானா?" என்று கேட்டான். இரண்டு பேரும் சிரித்தோம். அதைப் பொய் என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை. தோல் ஷாப்பில் எல்லாமே கட்டுக் கணக்குத்தான். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணுகிறவனை வேலை தெரியாதவன் என்பார்கள்.

4

போன வருஷம் குளிர் தொடங்கிய நேரத்தில் என் மேலாளர் ஒரு முகவரியைக் கொடுத்தார். நிதானமான வெள்ளைக்காரர், கையில் எப்போதும் ஒரு கோப்பை டீ வைத்திருப்பார். தோல் கோட்டு தைக்கும் பட்டறை ஒன்றின் மேலே இரண்டு அறைகள், யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள் என்றார். போய்க் கதவைத் தட்டினால் திறந்தவர் அன்வர் பாய். ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர்.

"அட, தேவராஜா. நீ எங்கப்பா இங்க?" என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவர் மனைவி ரஷீதா பாபி தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டே டீ போட்டார். ஏலக்காய் வாசனையையும் மீறி, கீழிருந்து கோட்டு ஒட்டும் பசையின் வாடை வந்துகொண்டிருந்தது. இறங்கி ஏற ஒரே மரப்படி. படிக்கு அடியில் பசை டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அறையின் நடுவில் மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு ஜன்னல்களில் ஒன்று, குளிர் வராமல் இருக்க ஆணி அடித்து மூடப்பட்டிருந்தது.  டீயைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

அந்த இரண்டு அறைகளில் இருந்தவர்கள் பத்துப் பேர். அன்வர் பாய், பாபி, ஐந்து பிள்ளைகள், அன்வரின் தம்பி, பட்டறையில் வேலை செய்யும் இரண்டு பேர். மூத்த பையனுக்குப் பதின்மூன்று. அடுத்தவள் ஜீனத், அப்போதுதான் பத்து முடிந்திருந்தது. பிறகு ஏழு வயது, நாலு வயது, ஒரு கைக்குழந்தை. சட்டப்படி பத்துப் பேர் எட்டு ஆள் ஆவார்கள். இரண்டு அறைக்கு அனுமதி மூன்று ஆள்.

அன்வர் பாய் இந்தக் கணக்கை எனக்கு முன்பே போட்டு வைத்திருந்தார். "நானு, அவ, சின்னதுங்க ரெண்டு. இப்படி எழுதினா மூணுதானே வருது? மத்தவங்கள விட்டுடு. ஆள்தான் இன்னிக்கு வருவான், நாளைக்குப் போவான்."

அந்த வாக்கியத்தை நான் வேறு ஒருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்வருக்கு அது தெரியாது.

"பாய், இது உங்களுக்கே ஆபத்து. இந்தப் படி பத்திக்கிட்டா இறங்க வேற வழியே இல்ல" என்றேன்.

 பாபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணா, இங்க பக்கத்துலயே ஸ்கூலு. கீழயே அவருக்கு வேலை. நீங்க ஜாஸ்தி எழுதினா நாங்க எங்கண்ணா போவோம்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன், இருபத்தொன்று.

5

ஆம்பூரில் ஐப்பசி மழை. மூன்று நாளாக விடவில்லை. மழையில் தோல் காயாது. காயாவிட்டால் அடுத்த வேலை எதுவும் ஓடாது. முதலாளி ஷாப்பை மூடச் சொல்லிவிட்டார். முற்றத்தில் கிடந்த ஈரத்தோலையெல்லாம் நனையாமல் இருக்க லைன் வீட்டு மாடியில் ஏற்றினோம். கீழே ஆறு பாய் போட்ட அறைக்குப் பன்னிரண்டு பேர். அந்த மூன்று நாளும் இரண்டு ஷிப்டும் ஒன்றாக உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். நான் அளவுக் கொட்டகையில் இருந்தேன். லாரியிலிருந்து மூட்டையை எறிவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், மூன்றாம் நம்பரின் பின்சுவர் விழுந்து மாடி அப்படியே உட்கார்ந்திருந்தது. கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லாரும் தோண்டினோம். நாலைந்து பேர் டீக்கடைக்குப் போயிருந்தது அதிர்ஷ்டம். ஒவ்வொருவராக ஆறு பேரை வெளியே எடுத்தோம். இரண்டு பேருக்கு உயிர் இல்லை.

ராஜமாணிக்கம் மேஸ்திரி குடையைப் பிடித்தபடி அந்த நோட்டோடு வந்தார். "மூணாம் நம்பர்ல ஆறு பேரு. ஆறும் வந்தாச்சு. பக்கத்துச் செவுரும் சாயுது பாரு. எல்லாரும் வெளிய வாங்கப்பா" என்றார். கடப்பாரைகள் நின்றன. ஆட்கள் மண்ணிலிருந்து விலகி மழைக்கு ஒதுங்கினார்கள்.

ஆறு என்பது பாய் என்று அந்த இடத்தில் தெரிந்தவர்கள் நானும் மேஸ்திரியும்தான். சலீம் வெளியே எடுத்தவர்களில் இல்லை. டீக்கடையில் இருப்பான், ஊருக்குப் போயிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் மனதில் ஓடியது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். வாயைத் திறந்தால், இந்த லிஸ்ட்டை யார் எழுதினது என்று கேட்பார்கள். நான் சும்மா நின்றேன். கால் மணி நேரம் இருக்கும்.

பெருமாள் நனைந்துகொண்டே ஓடிவந்தான். கையில் காகிதத்தில் சுற்றிய பொறை ரொட்டி, சலீமுக்காக வாங்கியது. "சலீமு எங்க? உள்ளதான் படுத்திருந்தான். எனக்குப் பாயைக் குடுடான்னு அவன் கேட்டான், நான் எந்திரிச்சிப் போனேன்" என்றான். மறுபடி தோண்டினார்கள். ஈரத்தோல் குவியலுக்கு அடியில் இருந்தான். காயம் பெரிதாக இல்லை. மூச்சு இல்லை. உடம்பில் சூடு இருந்தது.

யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவன் அம்மா பேரணாம்பட்டிலிருந்து வந்து, கடைசியாக உன்கிட்ட இன்னா பேசினான் தேவு என்று மட்டும் கேட்டார். சில மாதம் கழித்து எஸ்தருக்கு லண்டன் வேலை வந்தபோது, போகலாமா வேண்டாமா என்று அவள் என்னைக் கேட்டாள். யோசிக்காமல் போகலாம் என்றேன். ஏன் அவ்வளவு அவசரம் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

6

ஆகவே அன்வர் வீட்டில் பத்துப் பேர் என்றே எழுதினேன். ஒவ்வொருவர் பெயரும் வயதும் எழுதினேன். ஆளே இல்லை என்று சட்டம் சொல்லும் கைக்குழந்தையின் பெயரையும் எழுதினேன். படி, பசை டப்பா, ஆணியடித்த ஜன்னல், ஹீட்டர், எல்லாம் எழுதினேன். எழுதி முடித்தபோது நிம்மதியாக இருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் மனசு லேசானது.

என் மேலாளர் படித்துவிட்டு, நல்ல அறிக்கை என்றார். அறைகளை மூடச் சொல்லி நோட்டீஸ் போனது. அன்வரின் தம்பியும் மற்ற இருவரும் எங்கேயோ போனார்கள். எங்கே என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அன்வர் குடும்பம் ஏழு பேரையும் நகரத்தின் மேற்கே ஒரு ஓட்டலில் தங்க வைத்தார்கள். வீடு கிடைக்கும் வரை இங்கே இப்படித்தான் செய்கிறார்கள். ஓட்டல் என்றதும் உங்களுக்கு இட்லி ஞாபகம் வரும். இது பழைய ஐந்து மாடிக் கட்டடம். ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பம்.

சில வாரம் என்றார்கள். எட்டு மாதம் ஆகிவிட்டது. பட்டறை தூரமாகிவிட்டதால் அன்வருக்கு வேலை போயிற்று. பிள்ளைகள் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போகிறார்கள். நான் மேலாளரிடம் போய், அந்த ஓட்டல் அறையை அளக்க அனுமதி கேட்டேன்.

"அது தற்காலிகம், தேவ். தற்காலிகமானதை நாம் அளப்பதில்லை" என்றார். அதற்கு ஒரு படிவமே இல்லையாம். கோபம் வந்தது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து எல்லாப் படிவத்தையும் காட்டினார், உண்மையிலேயே இல்லை.

7

போன ஞாயிற்றுக்கிழமை நிர்மலாவையும் கூட்டிக்கொண்டு அந்த ஓட்டலுக்குப் போனேன். பிறந்தநாளுக்கு வந்த பொம்மைகளில் வேண்டாததை ஜீனத்துக்குக் கொடுக்கலாம் என்று அவளே சொன்னாள். மத்தியான நேரம். அறை நான்காவது மாடியில். லிப்ட் ஓடவில்லை. வழிநெடுகத் தள்ளுவண்டிகளும் மடக்குக் கட்டில்களும் நின்றன. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஸ்டவ் எரியும் சத்தம் கேட்டது. அறையில் சமைக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். வெந்த பருப்பின் வாசனை அந்தக் காகிதத்தைத் தாண்டித்தான் வந்தது.

பாபி கதவைத் திறந்தார். மூன்று கட்டில், நடுவில் நடக்கத்தான் இடம். அன்வர் பாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை, தெரிந்தது.  நான் டேப்பை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை, கை பழகிவிட்டது. பன்னிரண்டுக்குப் பதினொன்று.

"எவ்ளோண்ணா வந்துச்சு?" என்றார் பாபி.

"ரெண்டு பேருக்கு."

"எழுதப்போறீங்களா?"

"எழுத பேப்பர் இல்ல பாபி."

அவர் கைக்குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டார். "அங்க படி ஒண்ணுதான்னு சொன்னீங்க. இங்கயும் ஒண்ணுதாண்ணா. அங்கனா இருவது படி. இங்க நாலு மாடி." குரலில் கோபமே இல்லை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அளவுதான் எழுத முடியாது, ஆட்களின் பெயராவது கீழே இருக்கட்டும் என்று தோன்றியது. பாபியையும் கூட்டிக்கொண்டு கீழே வரவேற்பு மேஜைக்குப் போனேன். நிர்மலா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேஜையில் ஓர் இளைஞன் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தான். நெருப்பு ஏதாவது பிடித்தால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்று அவனிடம் கேட்டேன். அவன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினான். அவர்களுடைய நாற்பத்திரண்டாம் எண் அறைக்கு நேரே 'குடும்பம், ஒன்று' என்று இருந்தது. மேலேயும் கீழேயும் எல்லா அறைக்கும் அதேதான். ஒன்று, ஒன்று, ஒன்று.

"இந்த அறையில் எத்தனை பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவன் பேனாவை எடுத்தான். "எத்தனை பேர்? நாலுக்கு மேல் என்றால் நான் மேலே தெரிவிக்க வேண்டும். இந்த அறையில் வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு இடமாகப் பிரித்து அனுப்பினாலும் அனுப்புவார்கள். போன வாரம் இரண்டாம் மாடியில் அப்படித்தான் ஆனது."

நான் பாபிக்கு அதை உருதுவில் சொல்ல வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. எட்டு மாதத்தில் அவருக்கு அந்த அளவு ஆங்கிலம் புரிந்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக அந்த இளைஞனைப் பார்த்து, "ஃபோர். ஒன்லி ஃபோர், சார்" என்றார்.

நிர்மலா நிமிர்ந்து பார்த்தாள். எங்களோடு பல நாளாகத் தமிழே பேசாதவள், அந்த இளைஞனுக்குப் புரியக் கூடாது என்றோ என்னவோ, தமிழில் சொன்னாள்: "அப்பா, நான் எண்ணினேன். அவங்க ஏழு பேரு."

இளைஞன் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். எழுதச் சொன்னவன் நான்தான், நான் சொன்னால் அதைத்தான் எழுதுவான். பாபியும் இப்போது என்னைப் பார்த்தார். நிர்மலா என் கையை ஒரு முறை இழுத்தாள்.

அவன் நாலு என்று எழுதும் வரை நான் பேசவில்லை.